குரத்தியார் ஏற்காத பிச்சை

"நெல் வண்டிகளை அதிகமாக்கினேன், படைக்குச் சோறு குறைஞ்சுபோச்சு. இது என்ன கணக்கும்மா?"

கேட்டவன் எயினன். பெரும்படைக்குத் தலைவன், தலை நரைத்தவன். அவன் எதிரே உட்கார்ந்திருந்தவர் வயதில் அவனைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவனுக்கு அவர்தான் குரு. சமணத் துறவி. பெண் குருவை அந்தப் பக்கத்தில் குரத்தியார் என்பார்கள்.

அவருடைய குகை வாசலிலிருந்து பார்த்தால் கீழே கோட்டை தெரியும். கோட்டையைச் சுற்றி எயினனின் படை தெரியும். முற்றுகை போட்டு மாதக்கணக்கில் ஆகிவிட்டது.

"கோட்டையோட வா, இல்லைன்னா வராதேன்னு அரசர் சொல்லிட்டார். வெறுங்கையோட போனா என் தலை தப்பாது."

குரத்தியார் எழுந்தார். கால் தடுமாறியது.

எயினன் பதறிவிட்டான். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. நேத்து பிச்சை கிடைக்கலை."

"ஊர்ல இல்லைன்னுட்டாங்களா?"

"அவங்ககிட்ட இருந்தாத்தானே தருவாங்க, எயினரே."

அவன் தலைகுனிந்தான். ஊரார் நெல்லை வழித்துக்கொண்டு போனது அவன் ஆட்கள்தான்.

"பாசறைக்கு வாங்கம்மா. நான் போடறேன்."

"என் நோன்பு தெரியுமில்லையா? வீட்டில ஒருத்தர் பசிச்சிருந்தாலும் அந்த வீட்டுச் சோத்தைத் தொடமாட்டேன்."

"தெரியும்மா. என் படை மொத்தமும் ஒரே வீடு."

இதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான். பெருமை பேசுகிறவன் யோசித்தா பேசுகிறான்!

இருவரும் இறங்கினார்கள். துணைத்தலைவன் சேந்தனும் கூட வந்தான்.

பாசறையின் கடைசியில் வண்டிகள் நின்றன. மாடுகள் நெல் தின்றுகொண்டிருந்தன.

"புல் இல்லையாப்பா?" குரத்தியார் கேட்டார்.

"வழி நெடுக மேய்ஞ்சு தீர்த்தாச்சு, தாயே," என்றார் வண்டிக்காரர். "வண்டி கூடினா மாடும் கூடுதில்லே? மாடு தின்னது போக, நாங்க தின்னது போக, மிச்சந்தான் முன்னால போகுது."

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு தாயே. வயிறு நிறைய."

எயினன் முகம் மலர்ந்தது. "இங்கயே வாங்கிக்கலாமே அம்மா?"

"வீடு இன்னும் முடியலையே," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்தப் படையில் பிந்தியவனுக்குத்தான் பந்தியே நடந்தது. நடுப்பாசறையில் சோறு இல்லை, கஞ்சி. அதைத் தாண்டினால் கஞ்சித் தண்ணீர்.

முன்வரிசைக்கு எயினன் வந்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அகழியோரம் ஒரு வீரன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வேல் கிடந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தவன், தலைவனைக் கண்டதும் எழப் பார்த்தான். முடியவில்லை.

"உட்காருப்பா," என்றார் குரத்தியார். "சாப்பிட்டியா?"

அவன் அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தான். வெறுங்கையைப் பார்த்தான்.

"நீங்க சாப்பிடலியாம்மா?"

எயினன் முந்திக்கொண்டான். "நேத்துலேருந்து சாப்பிடலை. நீங்கெல்லாம் சாப்பிட்டாத்தான் அவங்க சாப்பிடுவாங்க."

வீரன் வாயில் இருந்ததைச் சட்டென்று விழுங்கினான்.

"நான் சாப்பிட்டேனே! வயிறு முட்டச் சாப்பிட்டேம்மா," என்றான். "இது கூட மிச்சந்தான். நீங்க எடுத்துக்குங்க."

மடியை அவிழ்த்து நீட்டினான். வறுத்த புளியங்கொட்டை. ஒரு கைப்பிடி கூட இராது.

குரத்தியார் அவன் நீட்டிய கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நீ சாப்பிடு, ராசா," என்றார்.

பிறகு எயினனைப் பார்த்தார்.

எயினன் வீரனின் அருகில், மண்ணில் அப்படியே உட்கார்ந்தான். கோட்டையை ஒருமுறை பார்த்தான். வந்த வழியையும் பார்த்தான். வண்டிகள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தன.

"சேந்தா, முற்றுகையைக் கலைச்சிடு. நடக்க முடியாதவங்களை முதல்ல அனுப்பு. வண்டியில இருக்கிற நெல்லில் நம்ம ஆளுங்களுக்கு வழிச்சோறு எடுத்துக்கோ. மிச்சத்தை ஊருக்குள்ள கொண்டுபோய்க் கொடு."

சேந்தன் வெலவெலத்துப் போனான். "ஐயா, அரசர் கேட்டா என்ன காரணம் சொல்ல?"

எயினன் குரத்தியாருக்காகத் தன் மேலாடையை மண்ணில் விரித்தான்.

"வீட்டு வாசல்ல ஒருத்தங்க பசியோட நிக்கிறாங்கன்னு சொல்லு."