காற்புள்ளியின் கூன்

எழுத்துகளின் பெருமையைப் பேசுகிறவர்கள் காற்புள்ளியை மட்டும் விட்டுவிடுவார்கள். அவளுக்கு ஒலி இல்லையாம். ஆகவே கதையும் இல்லையாம்.

அந்தக் காலத்தில், ஆங்கிலச் சொற்கள் வீடு கட்டி வாழ்ந்து வாய் திறந்து பேசிய நாளில், அவள் நேராக நிமிர்ந்து நின்றாள். பெயர்களின் வாசல்தோறும் காவல் அவள்தான். யார் யாரைக் கூப்பிட வந்தாலும், “நில். மூச்சு வாங்கிக்கொள். பிறகு கூப்பிடு” என்பாள். அதன்பின்தான் உள்ளிருந்து பெயர் தன் உயரமான முதலெழுத்தோடு, ‘கேப்பிட்டல்’ எழுத்தோடு, வெளியே வரும். தாய் என்று பொருள்படும் ‘மதர்’ அவளுடைய உயிர்த்தோழி. எந்தப் பெயருக்கும் குறையாத உயரம் மதருக்கு.

ஒரு நாள் ‘மை’ வந்தான். ‘என்னுடைய’ என்பதுதான் அவன் பொருள், தொழில், குணம் எல்லாமே.

“மதர், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க ஆசை. எட்டவில்லை. கொஞ்சம் குனியக் கூடாதா?”

மதர் உருகிப்போனாள். தோழியைத் திரும்பிப் பார்த்து, “என்னடி சொல்கிறாய்?” என்றாள்.

காற்புள்ளி வாயெடுப்பதற்குள் மை சிரித்தான். “பாசத்துக்கு நடுவில் வாசற்காரி எதற்கு? இவளோடு கைகோக்க ஒருவரும் இல்லை, அந்த எரிச்சல்.”

சுருக்கென்று தைத்தது. ‘நில்’ என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவள், அன்று அதைச் சொல்லாமல் ரோஷத்தோடு ஒதுங்கிக்கொண்டாள்.

மதர் குனிந்தாள். முதலெழுத்து சுருங்கிச் சிறியதாயிற்று. மாலையில் நிமிரப் பார்த்தாள், முடியவில்லை.

“கையை விடடா, அவள் நிமிரட்டும்!” என்று காற்புள்ளி கத்தினாள்.

“ஏன் விட வேண்டும்? என்னுடையவள்தானே?” என்றான் மை. அதில் தவறு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

“நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி” என்றாள் மதர். கோபமாகச் சொல்லியிருந்தால் காற்புள்ளி தாங்கியிருப்பாள். ஆனால் மதர் தணிந்த குரலில்தான் சொன்னாள். காற்புள்ளியின் முதுகு அப்போதுதான் வளைந்தது.

பிற்பாடு மற்ற உறவுச் சொற்களும் குனிந்தன, தந்தை உட்பட. ஆனால் குனியும்படி முதலில் கேட்கப்பட்டவள் தாய்தான்.

அன்று முதல்தான், ‘மை மதர்’ என்று மை பற்றியிருக்கும்போதெல்லாம் மதர் சிற்றெழுத்தில் நடக்கிறாள். யாராவது அவளையே பெயர்போல நேராக விளிக்கும்போது, அவன் கை விலக, பேரெழுத்தில் நிமிர்கிறாள். அந்த நொடிக்காகக் காற்புள்ளி ஓடிவந்து அருகில் நிற்கிறாள். கைப்பேசியில் அவசரமாகத் தட்டுகிறவர்கள் அவளைச் சேர்ப்பதே இல்லை. அவள் முதுகும் அதன்பின் நிமிரவே இல்லை.