பால்மானி வைத்திருந்த கரடி

பட்டணத்தில் டிராம் வண்டி ஓடத் தொடங்கிய காலம் அது. பட்டணத்தை ஒட்டியிருந்த ஒரு காட்டில் நரி ஒன்று பால்கடை வைத்திருந்தது. ஆடுகளிடம் பால் வாங்கி, குட்டைத் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து விற்றது. குடித்த குட்டிகளுக்கெல்லாம் வயிறு கெட்டது.

புகார் சிங்கராஜாவிடம் போனது. "பட்டணத்தில் இதற்கு என்ன செய்கிறார்கள்?" என்று சிங்கம் கேட்டது.

"நகரசபை அதிகாரி ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுகிறார். பால்மானி என்று பெயர். தண்ணீர் கலந்த பாலில் அது ஆழமாக இறங்கிவிடும்," என்றது காகம். மறுநாளே ஒன்றைத் தூக்கியும் வந்தது. அதைச் சுற்றியிருந்த விளக்கத் தாளை மட்டும் தன் கூட்டுக்கு மெத்தையாக வைத்துக்கொண்டது.

கரடி பரிசோதகர் ஆனது. முகர்ந்தே எந்தப் பூவின் தேன் என்று சொல்லிவிடும் கரடி அது. உத்தியோகம் கிடைத்த நாள் முதல் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை.

முதல் நாள் நரியின் பாலில் மானி முங்கிப்போனது. பானையைக் கவிழ்த்தார்கள். நரி அழவில்லை, யோசித்தது. மறுநாள் தண்ணீரோடு கிழங்கு மாவையும் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்துக் கொண்டுவந்தது. மானி நிமிர்ந்து நின்றது.

"சுத்தமான பால்," என்று கரடி முத்திரை குத்தியது.

அடுத்து எருமை வந்தது. கறந்த சூடு ஆறாத, கொழுப்பு நிறைந்த பால். மானி இறங்கிவிட்டது.

"தண்ணீர்ப் பால்," என்றது கரடி.

"ஐயா, சூட்டிலும் கொழுப்பிலும் அது இறங்கத்தான் செய்யும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள்."

"குடித்துப் பார்க்க நான் என்ன விருந்தாளியா? இனி உன் பாலைப் பானையில் பார்த்தால் பறிமுதல்தான். இதையும் எடுத்துக்கொள்கிறேன்."

அந்தக் காட்டில் ஒரு மந்திக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. முத்திரையை நம்பி நரியின் பாலையே வாங்கிக் குட்டிக்குப் புகட்டியது. நான்கே நாளில் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளவும் பலமில்லாமல் துவண்டுவிட்டது. மந்தி பதறிக்கொண்டு கரடியின் குகைக்கு ஓடியது.

அங்கே கரடிக்குட்டி ஒரு பானைக்குள் தலையை விட்டுச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எருமையின் பால் அல்லவா?" என்றது மந்தி.

"இன்று காலையில் பறிமுதல் செய்தது. கீழே கொட்டினால் பாவம்," என்றது கரடி.

"உங்கள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே. நல்ல பால் என்று எருமைக்கும் ஒரு முத்திரை குத்துங்கள், ஐயா. என் பிள்ளை சாகக் கிடக்கிறது."

"நல்ல பால்தான், எனக்குத் தெரியாதா? மானி ஒப்புக்கொள்ள வேண்டுமே. வீடு வேறு, உத்தியோகம் வேறு."

மந்திக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுவிட்டது. குட்டியை அணைத்துக்கொண்டு நேரே எருமையிடம் போனது.

"அக்கா, பானையில்தானே பால் இருக்கக் கூடாது?"

எருமை குட்டிக்கு எட்டும்படி படுத்துக்கொண்டது. குட்டி மடியைக் கவ்வியது.

இரண்டு நாளில் குட்டி கண் விழித்தது. ஒரு வாரத்தில் எருமையின் கொம்பைப் பிடித்துத் தொங்கியது. அதைப் பார்த்த மற்றத் தாய்களும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள்.

செய்தி கேட்டுக் கரடி மூச்சிரைக்க வந்தது. "பரிசோதிக்க வேண்டும்," என்றது.

"தாராளமாக," என்று எருமை மடியைக் காட்டியது.

கரடி மானியைக் கையில் பிடித்தபடி எருமையை மூன்று முறை சுற்றி வந்தது. மிதக்கவிட இடம் கிடைக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் நரியின் பால் முத்திரையோடு புளித்தது. நரி கடையை மூடிவிட்டு வேறு காட்டுக்குப் போனது.

மாதக் கடைசியில் கரடி அரசனுக்கு எழுதியது: "காட்டில் இப்போது கலப்படப் பானை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பால்மானியின் மகிமை."

சிங்கராஜா மனம் மகிழ்ந்து, கரடிக்கு இன்னொரு பால்மானி தரும்படி உத்தரவிட்டார்.

நீதி: பாலின் குணத்தைக் குடித்த பிள்ளையிடம் கேள்; பானை முத்திரையிடம் கேட்காதே.