ஒரு சுற்று பிசகிய வால்

அந்தக் காலத்தில் படங்கள் பேசாது. பிராணிகள்தான் பேசும். கொட்டகைக்குள் வெள்ளைத் துணியில் ராஜா வாயை அசைத்துக்கொண்டே இருப்பார், ஒரு சத்தம் வராது. வெளியே வண்டியில் பூட்டிய குதிரையோ, "இன்னும் எத்தனை நேரம் நிற்பதாம்?" என்று வண்டிக்காரனிடம் வாய்விட்டே கேட்கும். இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

அப்படிப் பேசிய பிராணிகளிலேயே வாய் நீளம் பல்லிக்குத்தான். அதிலும் வரதையா நாயுடுவின் படக் கம்பெனிச் சுவரில் இருந்த பல்லிக்கு. கம்பெனி என்றதும் மாளிகையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பட்டணத்து ஓரத்தில் கூரைக்குப் பதில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு கொட்டகை. வெயில்தான் விளக்கு. மரப்பெட்டி போல ஒரு கேமரா. சுவரில் ஒட்டிக்கொண்டு பல்லி எல்லாருக்கும் யோசனை சொல்லும். "ராணிக்குப் பொட்டு கோணல்." "அசுரனுக்கு மீசை அவிழ்கிறது, கண் இருக்கிறதா உங்களுக்கு?" சொன்னது ஒருநாளும் தப்பாக இருக்காது. அதுதான் எல்லாருக்கும் எரிச்சல்.

அப்போதெல்லாம் பல்லிக்கும் மற்றப் பிராணிகளைப் போலத்தான் வால். ஒன்றே ஒன்று, போனால் போனதுதான். தன் வால் மேல் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர் தணிகாசலம். மாயம் காட்டுவதில் கெட்டிக்காரர். சுற்றிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். முனிவர் எழுந்து போய் வெற்றிலை போடுவார். மறுபடி சுற்றுவார். படத்தில் முனிவர் மாயமாக மறைந்திருப்பார். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினாலோ, உதிர்ந்த பூவெல்லாம் கிளைக்கே திரும்பிப் போகும்.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் கனவுக் காட்சி கவிழ்த்துவிட்டது.

இளவரசி தூங்குகிறாள். அவள் உடம்பிலிருந்து இன்னோர் இளவரசி எழுந்து ஆகாயத்துக்குப் போகிறாள். இரண்டும் ஒருத்தியே, நடிகை குஞ்சரம். முதலில் அவளைத் தூங்க வைத்துத் தொண்ணூறு சுற்று எடுக்க வேண்டும். பிறகு கேமராவின் கண்ணை மூடி, தொண்ணூறும் பின்னால் சுற்றி, அதே பிலிமின் மேல் அவள் பறப்பதை எடுக்க வேண்டும். அறுபதாவது சுற்றில் தூங்குகிறவள் சிரிப்பாள். அதே அறுபதாவது சுற்றில் பறக்கிறவள் குனிந்து அவள் தலையைத் தொட வேண்டும்.

எண்ணிக்கை தவறக்கூடாது. ஆனால் பேசாத படத்தில் எடுக்கிறவர்கள் வாயை யார் கட்டுவது? நாயுடு, "கையைத் தூக்கு! சிரி! சிரிப்பா அது?" என்று கத்திக்கொண்டே இருந்தார். தணிகாசலம் எண்ணுவதை விட்டுவிட்டார். போட்டுப் பார்த்தால், கனவு இளவரசி தூங்குகிற இளவரசியின் மூக்கில் விரலை விட்டிருந்தாள்.

மறுமுறை கண்ணில் குத்தியிருந்தாள்.

"பாக்கி ஒரே டப்பா பிலிம்தான்" என்றார் நாயுடு. "இதுவும் போனால் சனிக்கிழமை கொட்டகை கடன் கொடுத்த கரி மண்டிக்காரருக்கு. சுவரை இடிக்க ஆள் சொல்லிவிட்டார் அவர்."

பல்லி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது. அந்தச் சுவரின் விரிசலில்தான் அதன் முட்டைகள் இரண்டு இருந்தன. பல்லி முட்டை ஒட்டினால் ஒட்டினதுதான். பெயர்த்தெடுத்து வேறு வீட்டுக்குக் குடிபோக முடியாது.

"நான் எண்ணுகிறேன்" என்றது பல்லி.

நாயுடு சிரித்தார். "பல்லிக்கு எண்ணத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிந்த லட்சணத்தைத்தான் மூக்கில் பார்த்தோமே."

குஞ்சரம் களுக்கென்று சிரித்தாள். "எண்ணட்டும் முதலாளி. இன்னொரு தடவை என் மூக்கிலேயே நான் கைவிட முடியாது."

தணிகாசலம் சுவரருகே வந்து மரியாதையாகவே சொன்னார்: "பல்லியம்மா, ஒரே நிபந்தனை. நான் சுற்ற ஆரம்பித்தால் எண்ணைத் தவிர வேறு ஒரு சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. பொட்டு கோணலானாலும், மீசை விழுந்தாலும் சரி. ஒரு சொல் நடுவில் வந்தால் என் கை பிசகிவிடும்."

"எனக்கென்ன, குழந்தையா நான்?"

முதல் தடவை பிசகில்லாமல் முடிந்தது. குஞ்சரம் தூங்கினாள், அறுபதில் சிரித்தாள். தணிகாசலம் பின்னால் சுற்றினார், பல்லி தொண்ணூறிலிருந்து இறங்கி எண்ணியது. பிறகு கறுப்புத் துணிக்கு முன்னால் கறுப்புப் பலகையில் குஞ்சரம் ஏறி உட்கார்ந்தாள். கயிறும் கறுப்பு; படத்தில் எதுவும் தெரியாது. கயிறு மேலே உத்தரத்து உருளையில் ஓடி, பல்லிக்குப் பக்கத்துச் சுவர்க் கொக்கியில் வளைந்து, துணிக்குப் பின்னால் நின்ற இரண்டு ஆட்களின் கைக்குப் போனது.

"ஒன்று... இரண்டு... மூன்று..."

கைப்பிடி சுற்றியது. குஞ்சரம் மெல்ல எழும்பினாள். முப்பதில் ஓர் ஆள் உயரம். நாற்பதில் இரண்டு ஆள் உயரம். கீழே கருங்கல் தரை.

நாற்பத்தொன்றில் பல்லி கொக்கியைப் பார்த்தது. கயிற்றில் ஓர் இழை பட்டென்று தெறித்தது. நாற்பத்திரண்டில் இன்னொன்று.

இழுக்கிற ஆட்களுக்கு அது தெரியாது. கொக்கிக்கு நேர் கீழே நாற்காலியில் நாயுடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரியாது, அண்ணாந்து பார்த்தால்தானே? "கயிறு" என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லோடு எண்ணிக்கை போகும், கடைசி டப்பா போகும், சுவர் போகும், விரிசலில் இருக்கிற இரண்டும் போகும். சொல்லாவிட்டாலோ குஞ்சரம் போவாள்.

"நாற்பத்து மூன்று" என்று சொல்லிக்கொண்டே பல்லி கொக்கியின் முனையில் தன் வாலை மாட்டியது. நாலு காலையும் சுவரில் அழுத்தி ஓர் இழு இழுத்தது.

வால் அறுந்து, துள்ளித் துடித்தபடி, நாயுடுவின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

"ஐயோ, என்னது!" என்று அண்ணாந்தவர் கயிற்றைப் பார்த்துவிட்டார். நாற்காலி மேல் ஏறினார். கொக்கிக்கும் உருளைக்கும் நடுவில் கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். பிடித்த மறுகணம் அது கொக்கியில் அறுந்தது. குஞ்சரம் அரைச் சாண் இறங்கி நின்றாள். நாயுடுவின் பருத்த உடம்பு கம்பெனிக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

பல்லிக்கு வலியில் சொல் வரவில்லை. நாற்பத்து நான்கு என்று வாயைத் திறந்தால், "ச்சு" என்றுதான் வந்தது. அடுத்த சுற்றுக்கும் "ச்சு." ஆனால் ஒரு சுற்றையும் விடவில்லை. தணிகாசலம் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு ச்சுவுக்கும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே சுற்றினார்.

"அறுபது! கையை நீட்டு!" என்றார் தணிகாசலம்.

குஞ்சரம் குனிந்து கையை நீட்டினாள்.

படத்தைப் போட்டார்கள். தூங்குகிறவள் சிரித்த அதே கணத்தில் பறக்கிறவள் அவள் தலையைத் தொட்டாள். நடுவில் அவள் அரைச் சாண் இறங்கியது காற்றில் அசைந்தது போல அழகாக இருந்தது. நாயுடு தேம்பி அழுதார். கரி மண்டிக்காரரே குடும்பத்தோடு மூன்று தடவை வந்து பார்த்தார். சுவர் நின்றது.

படம் எடுத்து முடித்த அன்றே குஞ்சரம் வாலை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். "பல்லி, இப்படி அறுத்துக்கொண்டாயே. ஏதாவது திட்டேன், கேட்கிறேன்."

"ச்சு" என்றது பல்லி. அதற்குமேல் அதற்குப் பேச்சு வரவேயில்லை.

தணிகாசலம் யோசித்தார். டப்பாவில் பத்துச் சுற்றுக்குப் பிலிம் மிச்சமிருந்தது. பல்லியைச் சுவரில் உட்கார வைத்தார். வாலை நூலில் கட்டி அதன் பின்னால் பொருத்தினார். நூலைக் குஞ்சரம் கீழே இழுக்க, அவர் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார். திரையில் போட்டபோது, தரையில் கிடந்த வால் துள்ளி எழுந்து சுவரேறிப் பல்லியோடு போய் ஒட்டிக்கொண்டது. கேமரா கண்டது நடந்தே தீரும் என்று மனிதரும் பிராணிகளும் நம்பிய காலம் அது. பார்த்துக்கொண்டிருந்த பல்லிக்கு முதுகு அடியில் குறுகுறுத்தது. விடியும்போது மொட்டையான இடத்தில் வால் முளைத்திருந்தது.

ஆனால் பழைய வால் இல்லை. ஒட்டின இடம் தெரிந்தது. நிறம் ஒரு மாற்றுக் குறைவு, நீளமும் கொஞ்சம் குறைச்சல். தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "ஒரு சுற்று பிசகிவிட்டது, பல்லியம்மா. நீங்கள் படத்தில் இருந்தீர்கள். எனக்கு எண்ணிச் சொல்ல ஆள் இல்லை."

அந்த வாரமே முட்டைகள் பொரிந்தன. குட்டிகள் அதே சுவரில் வளர்ந்தன, அதே வித்தையோடு. அந்தப் பத்துச் சுற்று நாளிலிருந்துதான் ஆபத்து வந்தால் பல்லி வாலைத் துடிக்க விட்டுவிட்டுப் போகிறது. போன வால் முளைக்கிறது, ஒரு சுற்று பிசகாகவே. நாம் பேசும்போது நடுவில் "ச்சு" என்று அது குரல் கொடுத்தால், எண்ணிக்கை நடக்கிறது என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது நல்லது.