பொடுதலை படுத்த கதை

செடிகளும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொடுதலை இடுப்பளவு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் செடியாக இருந்தது.

அப்போது ஆற்றோரத்து மேட்டுச் சரிவில் வேடியப்பனும் அவன் மனைவி மஞ்சாயியும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். தவழத் தொடங்கியிருந்த அவர்களுடைய பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. தூரத்தில் கொண்டுபோய்ப் புதைக்க மஞ்சாயிக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலிலேயே புதைத்தார்கள்.

அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மஞ்சாயி வாசலில் ஒரு புல்பூண்டைக்கூட விடவில்லை. பொடுதலைச் செடிகளையும் வேரோடு பிடுங்கி ஓரத்தில் எறிந்தாள். தினமும் கூட்டிப் பெருக்கினாள். வாசல் வழவழவென்று ஆனது.

மழைக்காலம் வந்தது. வெறும் மண் தண்ணீரோடு ஆற்றுக்குப் போயிற்று. வேடியப்பன் கல்லை அடுக்கினான், உருண்டுபோனது. புதுமண் கொட்டினான், கரைந்துபோனது. ஒவ்வொரு மழைக்கும் குழந்தையின் மேல் கிடந்த மண் குறைந்துகொண்டே வந்தது.

"வீட்டைப் பிரிச்சு மேலே கட்டிக்கலாம், மஞ்சா. இந்த இடம் நிக்காது" என்றான் வேடியப்பன்.

"நீங்க போங்க. அவளை விட்டுட்டு நான் வரல."

அவன் கூரையைப் பிரிக்க ஏறினான். மஞ்சாயி வாசலோரத்து வேப்பமரத்திடம் போய் நின்றாள்.

"என் மண்ணைப் பிடிச்சு வைக்க மாட்டியா?"

"என் வேர் ஆழத்துல இருக்கு, தாயி. ஓடுறது மேல்மண். அதைப் பிடிக்கணும்னா மேலேயே படுத்துக் கிடக்கிற ஆள் வேணும்" என்றது மரம்.

வேலியோரத்தில் பிழைத்து நின்ற ஒரே ஒரு பொடுதலையிடம் அவள் போனாள். அவள் வாய் திறக்கும் முன்பே அது கேட்டது. "எங்க கூட்டத்தைப் பிடுங்கினது நீதானே?"

"நான்தான்."

"மரம் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நான் ஒரு தடவை படுத்தா மறுபடி எழுந்திருக்க முடியாது. எல்லாரும் என் மேல நடப்பாங்க."

"நடப்பாங்க. நானும் நடப்பேன். அப்படி இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே பிடுங்க மாட்டேன்."

செடி அவள் பக்கம் தலையைத் திருப்பியது. பிறகு, "குழந்தைக்கு என்ன பேரு?" என்று கேட்டது.

புதைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை மஞ்சாயி வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது, "பூவரசி" என்றாள்.

அன்று மாலையே ஆற்றுக்கு அக்கரையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் பொடுதலை குனிந்தது. இடுப்பை மடக்கி, தலையைத் தரையில் வைத்து, சரிவின் குறுக்கே நீட்டிப் படுத்தது. கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் இறங்கியது. ஒரு வேர் பிடித்ததும் தண்டு அடுத்த கணுவுக்கு நகர்ந்தது. மழை கொட்டக் கொட்ட அது வாசல் முழுக்கப் படர்ந்தது. தண்ணீர் அதன் இலைகளின் மேல் வழுக்கி ஓடியது. மண் அதோடு போகவில்லை.

விடிந்ததும் வேடியப்பன் வெளியே வந்தான். குழந்தையின் இடம் அப்படியே இருந்தது. பச்சை முழுக்கக் குண்டூசித் தலை போலச் சின்னப் பூக்கள் பூத்திருந்தன. அவன் காலை வைக்கத் தயங்கி நின்றான்.

"நட" என்றது பொடுதலை. "மிதிச்சா என் கணு இன்னும் மண்ணுக்குள்ள அழுந்தும். அது எனக்கு நல்லதுதான்."

அவன் மெல்ல நடந்து போனான். பிரித்த கூரையை மறுபடி கட்டினான். மஞ்சாயி துடைப்பத்தை எடுக்காமல், அந்தப் பச்சையின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுவதும், சரிவில் வீடு கட்டியவர்கள் வாசலில் அதைப் பிடுங்காமல் விட்டுவைத்து அதன் மேலேயே நடப்பதும் அன்று முதல்தான்.