தலையாட்டி மொத்தையனும் கீழ்க்கரை அணியும்

தைலமரக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கீழ்க்கரையில் மொத்தையன் என்ற வோம்பேட் வளை தோண்டி வாழ்ந்து வந்தான். வோம்பேட் என்பது குட்டைக் காலும் கொழுத்த உடம்புமாய், கரடிக்குட்டி போலத் தோன்றும் ஒரு பிராணி. புல்லைத் தின்னும். நன்றாகத் தூங்கும். யார் வம்புக்கும் போகாது.

மொத்தையனும் அப்படித்தான். யார் வந்து எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். "இன்றைக்கு மழை வரும்" என்றால் ஆட்டுவான். "வராது" என்று அடுத்தவர் சொன்னால் அதற்கும் ஆட்டுவான். அதனால் அவனுக்குப் பகையாளி என்று ஒருவரும் இல்லை.

அந்தக் குளத்தில் ஒரு மூலை மட்டுமே ஆழம். கோடையில் மற்ற இடமெல்லாம் சேறாகிவிடும். ஆழ மூலையில் யார் முதலில் குடிப்பது என்று கீழ்க்கரைக்கும் மேற்கரைக்கும் ஒரு காலத்தில் ஓயாத சண்டை. கடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. கடைசியில் இரு கரையும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஆண்டுதோறும் கோடை தொடங்கியதும் ஒரு பந்தாட்டம். ஜெயித்த கரைக்கு அடுத்த ஆட்டம் வரை தெளிந்த தண்ணீர். தோற்ற கரைக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன மிச்சம்.

பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். மரப்பட்டை நாரால் முடைந்தது. தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, அது வானத்தில் இருக்கும்போதே தாவிப் பிடிப்பவன்தான் கெட்டிக்காரன். பிடித்து, எதிரியின் எல்லையில் வரிசையாக நிற்கும் நான்கு கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும்; நடுச் சந்துக்கு நிறையப் புள்ளி, ஓரச் சந்துக்குக் கொஞ்சம்.

கீழ்க்கரை இரண்டு கோடையாகத் தோற்றுவிட்டது. சேற்றுத் தண்ணீர் குடித்துக் குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுக்கோளாறு. அணிக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்த கூழைக்கடா, ரசிகர்களின் வசவு தாங்காமல் ஒரே பறப்பாகக் கடலுக்குப் போய்விட்டது.

"இனி யார் அணியைப் பொறுக்குவது?" என்று கூட்டம் கூடியது.

"நான்!" என்றாள் சலங்கை. அவள் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. அவள் கத்தினால் மூன்று மரம் தள்ளித் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான்.

"நீயா? உனக்குப் பந்துக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? நான்தான்!" என்றான் பாறையப்பன் என்ற உடும்பு.

"இரண்டு பேரும் ஒதுங்குங்கள்! ஓடத் தெரிந்தவளுக்குத்தான் ஓடுகிறவனைத் தெரியும்!" என்று கழுத்தை நீட்டினாள் வேகவல்லி என்ற ஈமு.

மூவரும் ஒருவரை ஒருவர் ஏற்கவில்லை. திடீரென்று சலங்கையின் கண் மொத்தையன் மேல் விழுந்தது. 'இவன் எப்போதும் என் பேச்சுக்குத் தலையாட்டுகிறவன் ஆயிற்றே!' என்று நினைத்தாள். பாறையப்பனும் அதையே நினைத்தான். வேகவல்லியும் அதையே நினைத்தாள்.

"மொத்தையன்!" என்று மூவரும் ஒரே குரலில் கூவினார்கள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. மொத்தையனுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போலத் தலையாட்டினான். அவ்வளவுதான், பொறுப்பு அவன் தலையில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் வளை வாசலில் பாறையப்பன் நின்றான்.

"மொத்தையா, ஒரே வார்த்தை. நெடுந்தாவியைத் தூக்கு! கிழட்டுக் கங்காரு. போன ஆட்டத்தில் எத்தனை பந்தைக் கோட்டை விட்டான்! அவனால்தான் என் குஞ்சுகள் சேறு குடிக்கின்றன!"

மொத்தையன் தலையாட்டினான்.

பாறையப்பன் போனதும் வேகவல்லி வந்தாள். "நெடுந்தாவி இருக்கட்டும், தம்பி. ஆனால் முன்னால் நிறுத்தாதே. பின்னால் தள்ளு. பின்னால் நிற்கிறவர்களை முன்னால் கொண்டுவா. நமக்கு வேகம்தான் இல்லை!"

மொத்தையன் அதற்கும் ஆட்டினான்.

சாயங்காலம் சலங்கை வந்தாள். "வேகமாவது மண்ணாவது! அந்தச் சின்னக் கங்காரு துள்ளன் இருக்கிறானே, நேற்று அவன் தாவினதைப் பார்த்தாயா? மேகத்தை இடித்துவிட்டான்! அவனை முன்னால் போடு. மற்றவர்கள் எங்கே நின்றால் என்ன?"

"சரி அக்கா" என்றான் மொத்தையன்.

இரவு படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. நெடுந்தாவியை எடுப்பதா, வைப்பதா? வைத்தால் முன்னாலா, பின்னாலா? பின்னால் வைத்தால் அங்கே இருப்பவன் எங்கே போவான்? மண்ணில் கோடு கிழித்துப் பார்த்தான். கோட்டின் மேல் கோடு விழுந்தது. கடைசியில் எது மைதானம், எது தன் நகக்கீறல் என்றே தெரியவில்லை. காலையில் ஓர் அணி சொல்வான். மத்தியானம் வேறோர் அணி சொல்வான். சாயங்காலம் யாராவது கேட்டால், "அதுவா... பார்க்கலாம்" என்பான்.

ஆட்டக்காரர்கள் திண்டாடிப் போனார்கள். "அண்ணே, நான் முன்னாலா, பின்னாலா?" என்று ஒருவன் கேட்பான். "நான் இருக்கிறேனா, இல்லையா?" என்று இன்னொருவன் கேட்பான். மொத்தையன் எல்லோருக்கும் தலையாட்டுவான்.

நெடுந்தாவியைத் தூக்கு என்ற கூச்சல் மட்டும் நாளுக்கு நாள் பெருகியது. ஆட்டத்துக்கு முந்தின நாள் மொத்தையன் தயங்கித் தயங்கி அந்தக் கங்காருவிடம் போனான். நெடுந்தாவி தன் குட்டிக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நெடுந்தாவி அண்ணே... நாளைக்கு நீங்கள்... முன்னால் துள்ளன் ஆடட்டும் என்று..."

நெடுந்தாவி பந்தைக் கீழே வைத்தான். "நான் செய்த தப்பு என்ன?"

"போன ஆட்டத்தில் பந்தைக் கோட்டை விட்டீர்களாம்."

"யார் சொன்னது?"

"எல்லோரும் சொல்கிறார்கள்."

"எல்லோரும் கிடக்கட்டும். நீ பார்த்தாயா?"

மொத்தையன் யோசித்தான். போன ஆட்டத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். இடது பக்கம் சலங்கை கத்தியது நினைவுக்கு வந்தது. வலது பக்கம் பாறையப்பன் வைதது நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு மாறி மாறித் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. பந்து மட்டும் வரவே இல்லை.

"இல்லை அண்ணே" என்றான், மிகச் சின்னக் குரலில்.

நெடுந்தாவி கீழே வைத்த பந்தை எடுத்தான். குட்டியை அழைத்துக்கொண்டு புதர்ப்பக்கம் போய்விட்டான்.

ஆட்ட நாள் வந்தது. காடே திரண்டிருந்தது. அணியைப் பொறுக்குகிறவன் ரசிகர்களோடு உட்காரக் கூடாது. மைதானத்தின் மறுபக்கம், எல்லைக்கோட்டுக்கு அருகில் தனியாகத்தான் உட்கார வேண்டும். அது விதி. மொத்தையன் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. தலையாட்ட ஆள் இல்லாததால் அவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வேறு வழியின்றிப் பந்தைப் பார்த்தான்.

பந்து உயரப் போனது. உடனே கரையில் கூச்சல் எழுந்தது.

"துள்ளா, உன் பந்து! தாவு!" என்று கத்தினாள் சலங்கை.

"அவனை நம்பாதே! வாலறுந்தவனே, நீ போ!" என்று வால் அறுந்த இன்னொரு ஆட்டக்காரனை ஏவினான் பாறையப்பன்.

"எல்லோரும் ஓடுங்கள்! வேகம்! வேகம்!" என்று குதித்தாள் வேகவல்லி.

நான்கு பேர் ஒரே பந்துக்குத் தாவினார்கள். நடு வானில் மண்டையோடு மண்டை மோதியது. பந்து தரையில் விழுந்து, பக்கவாட்டில் எகிறி, மேற்கரைக்காரன் ஒருவனின் கையில் போய் உட்கார்ந்தது. அவன் நிதானமாக உதைத்தான். கம்பங்களுக்கு நடுவே போனது.

மறுபடியும் அப்படியே. அதற்கு மறுபடியும் அப்படியே. ஒரு முறை கீழ்க்கரைக்காரர்கள் எல்லோரும் முன்னால் ஓடிவிட்டார்கள். பின்னால் காவலுக்கு ஒரு ஈ கூட இல்லை.

மொத்தையனுக்குத் தலை சுற்றியது. 'இதில் கோட்டை விட்டவன் யார்? துள்ளனா? வாலறுந்தவனா? இல்லை, இருவரும் சேர்ந்தா?' பாதி ஆட்டம் முடிவதற்குள் மேற்கரை வெகு தூரம் முன்னேறிவிட்டது.

இடைவேளையில் துள்ளன் நொண்டிக்கொண்டு வந்து புல்லில் சாய்ந்தான்.

"தம்பி, போன வருடமும் இப்படித்தான் மோதிக்கொண்டீர்களா?" என்று மொத்தையன் கேட்டான்.

"ஆமாம் அண்ணே. நெடுந்தாவி மாமா 'எனக்கு!' என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார். அது காதில் விழுந்தால் நாங்கள் விலகிக்கொள்வோம். போன வருடம் கரையில் போட்ட கூச்சலில் அது கேட்கவே இல்லை. எல்லோரும் அவர் மேலே போய் விழுந்தோம். பந்து நழுவியது. பழி அவர் மேல் விழுந்தது."

"இதை நீ ஏன் சொல்லவில்லை?"

"யார் கேட்டீர்கள்?"

மொத்தையன் எழுந்தான். குட்டைக் காலால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாகப் புதர்ப்பக்கம் ஓடினான். நெடுந்தாவி நிழலில் படுத்திருந்தான்.

"அண்ணே, தப்பு என்னுடையது. பார்க்காமல் உங்களை நீக்கிவிட்டேன். இப்போது பார்த்தேன். வாருங்கள்!"

நெடுந்தாவி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு எழுந்தான்.

"உனக்காக வரவில்லை. தண்ணீருக்காக வருகிறேன்" என்றான்.

ரசிகர்கள் மொத்தையனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவனை ஏன் கூட்டி வந்தாய்? மாற்று! அதை மாற்று! இதை மாற்று!"

மொத்தையனின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான்.

"முடியாது!" என்றான்.

கூட்டம் திகைத்தது. மொத்தையன் வாயிலிருந்து அந்த வார்த்தையை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆட்டம் முடிந்த பிறகு நீங்கள் யாரைச் சொன்னாலும் அணியிலிருந்து எடுக்கிறேன். ஆனால் அவன் எந்தப் பந்தை விட்டான், எப்படி விட்டான், அப்போது பக்கத்தில் யார் இருந்தது என்று பிசகாமல் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் ஏற்க மாட்டேன்!"

"அவ்வளவுதானே!" என்றான் பாறையப்பன். 'நெடுந்தாவியின் ஒவ்வொரு பிழையையும் பொறுக்கி எடுக்கிறேன்' என்று வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி உட்கார்ந்தான். நெடுந்தாவிக்குப் பதில் வாலறுந்தவனைக் குறிவைத்தாள் சலங்கை. வேகவல்லி மெதுவாக ஓடுகிறவர்களை எல்லாம் குறிவைத்தாள். பிழை பொறுக்குகிற மும்முரத்தில் யாருக்கும் கத்த நேரமில்லை. கரை அமைதியானது.

பந்து உயரப் போனது.

"எனக்கு!" என்றது நெடுந்தாவியின் குரல்.

மைதானம் முழுக்க அது கேட்டது. மற்றவர்கள் விலகினார்கள். நெடுந்தாவி தாவினான். பந்து அவன் கைக்குள் அடங்கியது. துள்ளனிடம் தட்டிவிட்டான். துள்ளன் உதைத்தான். நடுக் கம்பங்களுக்குள் போனது!

அதன்பின் புள்ளிகள் அடுத்தடுத்து வந்தன. பின்னால் நிற்க வேண்டியவர்கள் பின்னால் நின்றார்கள். ஒரு முறை நெடுந்தாவியே பந்தை நழுவவிட்டான்; அப்போது பக்கத்திலிருந்த வாலறுந்தவன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். வெயில் சாய்ந்தபோது இரு கரையும் சமமாக நின்றன. கடைசிப் பந்தைத் துள்ளன் அவசரத்தில் கோணலாக உதைத்தான். அது நடுவே போகவில்லை. ஓரத்துக் கம்பத்துச் சந்துக்குள் புகுந்தது. ஓரச் சந்துக்கு ஒரே ஒரு புள்ளிதான். அந்த ஒரு புள்ளி போதுமாக இருந்தது.

கீழ்க்கரை ஜெயித்துவிட்டது!

மொத்தையன் மூச்சிரைக்க ரசிகர்களிடம் ஓடினான். "பார்த்தீர்களா? எப்படி ஜெயித்தோம், பார்த்தீர்களா?"

"பார்க்காமல் என்ன? துள்ளனைப் போடச் சொன்னது நான்தானே!" என்றாள் சலங்கை.

"நெடுந்தாவியை முதல் பாதியில் உட்கார வைக்கச் சொன்னவன் நான். ஓய்வு எடுத்ததால்தான் இப்படித் தாவினான்!" என்றான் பாறையப்பன்.

"வேகம் என்று முதலில் சொன்னவள் யார்? அதைச் சொல்லுங்கள்!" என்று கழுத்தை நீட்டினாள் வேகவல்லி.

மூவரும் முட்டி மோதிக்கொண்டார்கள். கூட்டமும் மூன்றாகப் பிரிந்து கத்தியது. மொத்தையன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். இவர்கள் பார்த்த ஆட்டமும் தான் பார்த்த ஆட்டமும் ஒன்றுதானா என்று அவனுக்கு மறுபடியும் குழப்பம் வந்தது. விளக்கிச் சொல்லலாமா என்று வாயெடுத்தான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

குளத்தின் ஆழ மூலையில் நெடுந்தாவியும் அவன் குட்டியும் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. மொத்தையனுக்குத் தாகமெடுத்தது. வாதாடுகிறவர்களை அப்படியே விட்டுவிட்டு மெல்ல நடந்து போனான். நெடுந்தாவி நிமிர்ந்து பார்த்தான். சற்று நகர்ந்து இடம் விட்டான். மொத்தையன் வயிறு நிறையக் குடித்தான்.

ஊரார் வாயைக் கேட்டுத் தலையாட்டுகிறவனுக்குக் குழப்பமே மிஞ்சும். தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிறவனுக்கே தெளிந்த நீர் கிட்டும்.