தவமணி எழுதிய தப்புகள்

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் டாக்டர் நீலமேகம் தலைமை நூலகர். அவர் தும்மினால்கூட சுற்றறிக்கையாகத்தான் வரும். அங்கே ஒப்பந்த வேலையில் இருந்த தவமணி, ஊழியர்கள் தங்கள் வேலைமுறையைச் சேர்ந்து எழுதட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு விக்கி தொடங்கினாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஒரு வாரம் தர்றேன். உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு ஊழியரும் எழுதியிருக்கணும். இல்லேன்னா விக்கியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்றார் நீலமேகம்.

"நீங்களும் எழுதுவீங்களா சார்?"

"நானா? அதைத் தொடக்கூட மாட்டேன்!"

தவமணி யாரிடமும் கெஞ்சவில்லை. 'பழைய மருத்துவ இதழ்களை எடைக்குப் போடலாம்' என்று விக்கியில் எழுதினாள். இதழ்ப் பிரிவு ஆரோக்கியம் பதறியடித்து வந்து திருத்தினார். திருத்தியவர் நிறுத்தாமல் முப்பது வருஷ அனுபவத்தையும் கொட்டினார். 'எலும்புக்கூட்டை வீட்டுக்கு இரவல் தரலாம்' என்று எழுதினாள். இரவல் பிரிவே திரண்டு வந்தது. தப்பு ஒரு வரி, திருத்தம் பத்துப் பக்கம். விக்கி வளர்ந்த வேகத்தில் அவளுக்கே மலைப்பு தட்டியது.

எட்டாம் நாள், திரையில் இருந்த நூற்றிருபது பக்கங்களையும் நீலமேகம் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுதியவர்களின் பட்டியலை எண்ணினார். பதிமூன்று வந்தது.

"யாரும்மா அந்தப் பதிமூணாவது ஆள்?"

"நீங்கதான் சார். 'நீலமேகம், உதவி நூலகர்'னு எழுதியிருந்தேன். ஆறே நிமிஷத்துல திருத்திட்டீங்க."