வருத்தம் சொல்லி வந்த மெயில்

கோவில்பட்டியில லாரிப் பட்டறை வச்சிருந்த குருசாமி தவறிப்போனாரு. காரியம் இன்னும் ஆகல. அவரு பொண்டாட்டி வெயிலுகந்தாள் அழுது ஓஞ்சு, சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கா. காப்பி குடுத்தா குடிப்பா, குடுக்கலன்னா கேக்க மாட்டா. வெயிலுகந்தாள்ங்கிற பேரு ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் மட்டுந்தான், ஊருக்கு அவ பாப்பா. அவ கூடப்பொறந்த மூணு பேரும் பாப்பாதான். ஒருத்தியக் கூப்பிட்டா நாலும் வந்து நிக்கும். அத விடுங்க.

கொழுந்தன் தவசி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சாரு. நல்ல போட்டோ இல்லாம, பந்தியில உக்காந்திருந்த போட்டோவ வெட்டிக் கோட்டு மாட்டிவிட்டுட்டான் பிரஸ்காரன். கோட்டையே தொடாத மனுசன். கீழ ‘மனைவி பாப்பா, மகள் செல்வராணி’. துபாய்ச் சொந்தம் விசாரிக்கட்டும்னு மக மெயில் விலாசத்தயும் சேத்து, பேஸ்புக்குலயும் ஏத்திவிட்டாரு தவசி.

மறுநாளு மக போனுக்கு ஒரு மெயில். மேல பேங்கு முத்திரை. ‘திருமதி பாப்பா அவர்களுக்கு, கணவர் குருசாமி மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம். அவரது கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற, இன்றைக்குள் கீழே உள்ள லிங்கில் ஏடிஎம் நம்பரும் ஓடிபியும் பதியவும். தவறினால் கணக்கு முடக்கப்படும்.’

பட்டறைய வித்த காசு பூரா, புருசன் பொண்டாட்டி சேந்து வச்சிருந்த அந்தக் கணக்குலதான் கெடக்கு. அது போனா அவளுக்கு வேற போக்கில்ல.

"அமுக்குங்க மதினி," ன்னாரு தவசி. "அண்ணன் பேரு, ஒங்க பேரு எல்லாம் கரெக்டா இருக்கு. பேங்கத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அமுக்காதம்மா. இதுல பேங்குக்குத் தெரியாதது இருக்கு," ன்னா செல்வராணி.

"ஆமா, இவ பெரிய மேனேஜரு."

வெயிலுகந்தாள் ரெண்டு பேரையும் பாத்தா.

இப்ப நீங்க சொல்லுங்க, யாரு சொன்னது சரி? பேங்குக்குத் தெரியாதது எது?

செல்வராணி சொன்னதுதான் சரி. பேங்குல அவ வெயிலுகந்தாள். பாப்பாங்கிற பேரும் மகளோட மெயிலும் போஸ்டரப் பாத்தவனுக்குத்தான் தெரியும். நெசமான பேங்கு லிங்க் அனுப்பி ஓடிபி கேக்காது, பேரு மாத்தணும்னா நேருல வரச் சொல்லும். லிங்க அமுக்காம விட்டுட்டு, காரியம் முடிஞ்சு தாயும் மகளும் பேங்குக்குப் போனாங்க. காசு பத்திரமா இருந்துச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு நிமுந்து பாக்காம, "இறப்பு சர்டிபிகேட், ஆதார், ரெண்டு ஜெராக்ஸ். அடுத்து யாரு?" ன்னா. வெளிய வந்ததும், "அந்த மெயில அழிச்சிரவாம்மா?" ன்னு மக கேட்டா. "இருக்கட்டும்," ன்னா வெயிலுகந்தாள். "அவரு போனதுக்கு வருத்தம்னு அவனாச்சும் எழுதியிருக்கான்."